பார்த்தேன்

ஆறு வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தேன். "வலிக்குதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லல." கேட்டவர்கள் நம்பினார்கள். அது பொய்யும் அல்ல. அவள் சொல்லவில்லைதான். ஆனால் நான் பார்த்தேன். அவள் சொல்லாததை ஊரெல்லாம் சொன்னேன். நான் பார்த்ததை ஒளித்து வைத்தேன். ஒளித்ததை இங்கே எடுத்து வைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டிய எதையும் இந்த முறை மறைக்க மாட்டேன்.

நான் கள்ளக்குறிச்சியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். வயது 56. பதினெட்டு வயதில் சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். எட்டு வருடம் மேடையேறினேன். கல்யாணமாகி ஊர் திரும்பி வீட்டு மாடியில் வகுப்பு ஆரம்பித்தேன். முதலில் நான் ஆடினேன். பிறகு பிள்ளைகளுக்கு ஆட்டம் அமைத்தேன். பிறகு கதை, பாட்டு, வேஷம், வெளிச்சம் என்று முழு நாட்டிய நாடகத்தையும் நானே நடத்தத் தொடங்கினேன். இந்த மூன்று படியும் ஏறியவர்களை எனக்குப் பிடிக்கும். என்னையும் அவர்கள் வரிசையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். என் பெருமையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த வரிசையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ருக்மிணி தேவி. 1904இல் மதுரையில் பிறந்தவர். முப்பது வயதை ஒட்டித்தான் பரதம் கற்க ஆரம்பித்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபை விழாவில் ஆடினார். அடுத்த மாதமே அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. 1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். 1955 முதல் 1970 வரை ராமாயணத்தை ஆறு நாடகங்களாக அமைத்தார். ஒருத்தி தனியாக நின்று ஆடிய ஆட்டம், ஒரு கூட்டமே சேர்ந்து சொல்லும் கதையாக ஆனது. என் ஆசிரியை அந்த வழியில் கற்றவர். குறவஞ்சி மேல் எனக்கு ஆசை வந்தது அவரால்தான்.

அந்த வரிசையில் இன்னொருவரும் உண்டு. குறவஞ்சி மேடையேறிய அதே 1944இல் நியூயார்க்கில் ஜெரோம் ராபின்ஸ் என்ற பாலே ஆட்டக்காரர் தன் முதல் பாலேயை அமைத்தார். பிறகு பிராட்வேயின் பாட்டு நாடகங்களுக்குப் போனார். 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1964இல் 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இரண்டையும் இயக்கி ஆட்டமும் அமைத்தார். ஆட்டக்காரர்களிடம் மிகக் கடுமையானவர் என்று பெயர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒத்திகையில் ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாராம். அவர் முதுகுக்குப் பின்னே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். எல்லோருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. விழுந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் திட்டுகிறவள் இல்லை. பிள்ளைகள் என்மேல் உயிராக இருந்தார்கள். என் வகுப்பில் யாரும் வாய் மூட வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன். பயத்தில்தான் வாய் மூடும் என்று நம்பினேன். பாசத்திலும் மூடும். நன்றியிலும் மூடும். அது எனக்குத் தெரியாமல் போனது.

அவள் கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பிரிந்து போகிற ஒரு சிற்றூர். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். பதினான்கு வயதில் ஒரு தோழியோடு வேடிக்கை பார்க்க என் மாடிக்கு வந்தாள். வாசற்படியில் நின்றபடியே தட்டடவை மூன்று காலத்திலும் தட்டிக் காட்டினாள். ஒரு தட்டும் பிசகவில்லை. நான் அவளிடம் பணம் வாங்கவில்லை. அதைத் தர்மம் என்று நினைத்தேன். பத்துப் பேர் முன்னால் சொல்லியும் காட்டினேன். அவள் பட்ட கடன் அதுதான். கடன் பட்டவர்கள் குறை சொல்வதில்லை.

இன்னொன்றும் செய்தேன். அவளைப் புகழ்ந்தேன். மற்ற பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார்ந்து தொடை நடுங்கும்போது அவளைக் காட்டுவேன். "மலைப்பிள்ளையைப் பாருங்க. வலின்னா என்னன்னே தெரியாது." நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவள் முகம் மலரும். அந்த வார்த்தை அவள் வாயில் நான் போட்ட பூட்டு. வலி தெரியாதவள் என்பதுதான் என் வகுப்பில் அவளுக்கு இருந்த ஒரே அந்தஸ்து. வலிக்கிறது என்று சொன்னால் அது போய்விடும்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஊரெல்லாம் பேச்சு. விழுப்புரத்தின் ஓரத்தில் கிடந்த ஊருக்குச் சொந்தமாக ஒரு பெயர் வந்தது. புது மாவட்டத்தில் முதல் பெரிய நாட்டிய நாடகம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குற்றாலக் குறவஞ்சி. எழுபத்தைந்து நிமிடம். பதினெட்டுப் பிள்ளைகள். பிப்ரவரி முதல் வாரம் மேடை. கையில் இருந்தது பத்து வாரம். அதற்கு ஐந்து மாதம் வேண்டும். ஐந்து மாதம் பொறுத்தால் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று பயந்தேன். உண்மையான காரணம் அது ஒன்றுதான்.

குறத்தி வேஷத்தை அவளுக்குக் கொடுத்தேன். அசல் மலைமகளே குறத்தியாக ஆடுகிறாள் என்று நோட்டீஸிலும் போட்டேன். அவள் தயங்கி என்னிடம் வந்தாள். "டீச்சர், நாங்க குறவங்க இல்ல. மலையாளிங்க." கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு அதுதான் பெயர். கேரளத்து மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அவளுக்கு அது முக்கியம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. "மேடையில எல்லாம் மலைதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் வாய் திறந்து என்னிடம் சொன்ன ஒரே குறை அது. அதை நான் கேட்டுக்கொண்ட விதம் இது. இரண்டாவது குறையை ஏன் சொல்லவில்லை என்று இப்போது எனக்கு வியப்பில்லை.

ஒத்திகைக்கு என் மாடி போதவில்லை. ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தேன். சிமெண்டுத் தரை. மேலே வழவழப்பான கல். காலால் தட்டினால் கூடமே அதிரும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

நாடகத்தில் கட்டியக்காரன் வரும் இடத்துக்கு யோசனை கேட்க ஒரு கூத்து வாத்தியாரை அழைத்திருந்தேன். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடத்துகிறவர். எழுபதை நெருங்கிய வயது. கட்டை கட்டி, சலங்கை கட்டி, விடிய விடிய மண்ணில் சுழன்றவர். அவர் வந்ததும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தரையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "அம்மா, சிமெண்டுல புள்ளைங்கள இவ்ளோ நேரம் ஆட வுடாதீங்க. மண்ணு அடிய வாங்கிக்கும். சிமெண்டு திருப்பி அடிக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். "எங்க ஆட்டத்துக்குக் கெட்டித் தரைதாங்க வேணும். அப்பதான் காலம் சுத்தமா கேக்கும்" என்றேன். பாரிஸில் ஒரு பெரிய நாடகக் குழு 2016இல் புரிசைக் கூத்துக்காரர்களிடம் கற்று அதைத் தங்கள் நாடகத்தில் சேர்த்ததைப் படித்திருக்கிறேன். கூத்தின் மேன்மையைப் பற்றி மேடையில் பேசியும் இருக்கிறேன். ஆனால் என் எதிரே நின்ற கூத்துக்காரருக்கு ஆட்டத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும் என்று என் மனம் ஒப்பவில்லை. அது கர்வம். வேறு பெயர் வைக்க மாட்டேன். ஒட்டுப்பலகையும் அடியில் ரப்பர் விரிப்பும் போட்டிருக்கலாம். செலவைக் கணக்குப் பார்த்தேன். அந்தப் பணம் வெளிச்சத்துக்கும் பட்டுக்கும் போனது.

இப்போது மறைத்து வைத்த இடத்துக்கு வருகிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அதே வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில். மார்கழிக் கச்சேரி நெருங்கியிருந்தது. நானும் மறைத்தேன். என் ஆசிரியை மூன்றாம் நாளே கண்டுபிடித்தார். ஆடும்போது கண்டுபிடிக்கவில்லை. ஆடும்போது எங்களால் எதையும் மறைக்க முடியும். படியில் இறங்கும்போது கண்டுபிடித்தார். உட்காரவைத்துக் கட்டைவிரலால் எலும்பின் நீளத்துக்கும் அழுத்தி வந்தார். ஓர் இடத்தில் துடித்துப் போனேன். "நீளமா வலிச்சா சதை. காசு அகலத்துல ஒரே எடத்துல குத்தினா எலும்பு" என்றார். இரண்டு மாதம் ஆடக்கூடாது என்று சலங்கையை வாங்கி வைத்துக்கொண்டார். அழுதேன். அந்த மார்கழி போயிற்று. கால் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்துகொண்டேன். தினமும் தட்டத் தட்ட எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சேதம் வரும். ஓய்வில் உடம்பு அதைச் சரிசெய்யும். ஓய்வு இல்லாவிட்டால் சேதம் விரிசலாகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. ஓய்ந்தால் ஆறிவிடும். ஓயாவிட்டால் ஒரு நாள் விரிசல் முறிவாகும். இதெல்லாம் எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

டிசம்பர் கடைசி. இரவு எட்டரை இருக்கும். ஒத்திகை முடிந்து பிள்ளைகள் கூடத்துப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேலே விளக்கை அணைக்க நின்றேன். அவள் கடைசியாக இறங்கினாள். ஒரு கை சுவரில். இடது காலை முதலில் கீழே வைத்தாள். வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்தாள். மறுபடி இடது கால். குழந்தைகள் இறங்குவது போல ஒவ்வொரு படியாக.

நான் பார்த்தேன். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எந்தக் கால், எந்த எலும்பு, எத்தனை நாளாக இருக்கும் என்பது வரை. என் ஆசிரியையின் கட்டைவிரல் என் எலும்பில் அழுத்திய இடம் எனக்கே ஒரு முறை வலித்தது.

அவளைக் கூப்பிட வேண்டும். என்னம்மா கால் என்று கேட்க வேண்டும். இரண்டு வார்த்தை. கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் நான் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குறத்தி இல்லை. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. இன்னும் ஐந்து வாரம்தான். எனக்கும் வந்ததுதானே, ஆறிற்றே என்று எனக்கு நானே சொன்னேன். ஆறியதற்குக் காரணம் ஒருவர் சலங்கையை வாங்கி வைத்தது என்பதை அந்த நொடியில் வசதியாக மறந்தேன். முகத்தைத் திருப்பினேன். விளக்கை அணைத்தேன்.

இதுதான் என் குற்றம். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது. குறத்தி தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்வாள். குறத்தியின் காலைப் பார்க்க வேண்டியவள் நான். பார்த்தேன். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

ஆடுகிற காலத்தில் எனக்குத் தரை தெரிந்தது. எந்தப் பலகை ஆடும், எங்கே ஆணி துருத்தும் என்று பாதத்துக்குத் தெரியும். தட்டுக்கழியைக் கையில் எடுத்தபின் எனக்கு வரிசை தெரிந்தது, கோணம் தெரிந்தது, எதிரே உட்காருகிறவர்களுக்கு எது தெரியும் என்பது தெரிந்தது. தரை மறந்தது. பதினெட்டுப் பிள்ளைகள் பதினெட்டு உடம்பு என்பது மறந்து ஒரே ஓவியமாகத் தெரிந்தார்கள். அமைக்கிறவளுக்கு அந்தக் கண் வேண்டும்தான். ஆனால் அது வந்ததும் பழைய கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே மூடினேன்.

மேடை நாள். கூடம் நிறைந்திருந்தது. நான் ஓரத்தில் நட்டுவாங்கம். குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லி முடிக்கும் இடத்தில் ஒரு நீண்ட தீர்மானம் வைத்திருந்தேன். அதில் மூன்று குதிப்பு. மூன்றும் இடது காலில் இறங்குவது. இரண்டு சரியாக விழுந்தது. மூன்றாவதில் அவள் அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தாள். கைகள் மட்டும் முத்திரையை விடவில்லை. முகத்தில் குறத்தியின் சிரிப்பு இருந்தது. அதுவும் ஆட்டம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

தீர்மானம் முடிய இன்னும் எட்டு அட்சரம் இருந்தது. நான் தாளத்தை நிறுத்தவில்லை. எட்டையும் தட்டி முடித்தேன். அந்த எட்டு அட்சரமும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு கைகளால் ஆடினாள். பிறகு திரை போட்டார்கள்.

எலும்பு குறுக்கே முழுதாக முறிந்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இது இன்று வந்ததில்லை, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "கொஞ்ச நாளா" என்றாள். நான் பேசாமல் நின்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் அப்பா மலையிலிருந்து வந்தார். நான் அவரிடம் மேடை வழுக்கிவிட்டது என்றேன். பொய். மேடை வழுக்கவில்லை. அவர் என்னைக் கும்பிட்டு, "நீங்க கூட இருந்ததால சரியாப் போச்சு டீச்சர், இல்லன்னா நாங்க என்ன பண்ணுவோம்" என்றார். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன். அவருடைய அப்பா காலத்தில் மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976இல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் வரை கூலியில்லாமல் ஊழியம் செய்த கதையை முன்பு ஒரு முறை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் அவர் மகளின் உழைப்பைக் கூலியில்லாமல் வாங்கி, அதற்கு நன்றியையும் சேர்த்து வாங்கினேன்.

அவள் கட்டுப் போட்ட காலோடு பிளஸ் டூ பரீட்சை எழுதினாள். மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. மலைக்குப் பஸ் நின்றது. கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாளில் அவளால் இறங்க முடியவில்லை. அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து அவளைத் தூக்கி இறக்கினார். இரண்டு ஆட்டை விற்றார்கள். நான் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். ஆடு விற்றது எனக்குத் தெரிந்தபோது ஒரு வருடம் ஆகியிருந்தது. விசாரிக்காததால்தான் தெரியவில்லை. அந்த ஜூனில் விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் பரதம் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று வருடப் படிப்பு முடித்து மலையிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்பாள். போகவில்லை. எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. சமதரையில் தெரியாது. மேட்டில் ஏறும்போது தெரியும். அவள் ஊரில் சமதரை குறைவு.

இந்த வருடம் தை மாதம் மலையேறினேன். ஏன் ஆறு வருடம் ஆயிற்று என்று கேட்பீர்கள். பயம். உண்மை வெளியே போனால் வகுப்புக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற பயம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

வாசலில் கடுக்காய் காயப்போட்டிருந்தார்கள். அப்பாவும் அவளும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். மேடை வழுக்கவில்லை. படிக்கட்டில் நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. நிறுத்தியிருந்தால் கால் ஆறியிருக்கும்.

அவள் முகம் மாறவில்லை. "தெரியும் டீச்சர்" என்றாள்.

"நீங்க மேல நின்னு பாத்தீங்க. நானும் திரும்பிப் பாத்தேன். லைட்ட அமத்திட்டீங்க. டீச்சரே பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்ப இது எல்லாருக்கும் வர்ற வலிதான்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதான் யாருகிட்டயும் சொல்லல."

ஆறு வருடமாக நான் சொல்லி வந்த வாக்கியம் அங்கே முடிந்தது. அவள் சொல்லவில்லை என்பதுதான் என் தற்காப்பு. அவள் சொல்லாததற்குக் காரணமே நான்தான். நான் கேட்காமல் விட்டதை அவள் விடையாக எடுத்துக்கொண்டாள். குரு சொன்ன விடை. பிறகு எப்படி மறுப்பாள்?

அப்பா ஒன்றும் பேசவில்லை. திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து கடுக்காயைக் கையால் புரட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கியதும், "கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

இப்போது என் வகுப்பில் மரப்பலகைத் தரை போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் படியிறங்குவதைக் கீழே நின்று பார்க்கிறேன். இதைப் பரிகாரமாகச் சொல்லவில்லை. இது அன்றே செய்திருக்க வேண்டியது. நாட்டிய நாடகம் அமைப்பதை விட்டுவிட்டேன். விட்டதும் பெரிய தியாகமில்லை. அவள் விடவில்லை. அவளிடமிருந்து போய்விட்டது.

அந்தக் குறவஞ்சியைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் நிறுத்தி, அந்தக் குறத்திப் பெண் எங்கே, ஏன் ஆடுவதில்லை என்று கேட்கிறார்கள். பழைய வாக்கியம் இன்னும் நாக்கு நுனி வரை வருகிறது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். அவள் கால் முறியும் முன்பே எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்.